உடைந்த ஃபேரிங்கை வீட்டிலேயே ஒட்டலாம், ஆனால் பசை வாங்கும் முன் பிளாஸ்டிக்கைப் பாருங்கள்

தை மாதத்தில் தஞ்சாவூர் கும்பகோணம் ரோட்டில் வண்டி ஓட்டியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சம்பா அறுப்பு முடிந்த கையோடு பாதி ரோடு களமாகிவிடும், ஓரத்தில் கல்லை அடுக்கி நெல்லைக் கொட்டிக் காயவைத்திருப்பார்கள், எதிரே பஸ் வந்தால் நாம் ஒதுங்க இருக்கிற ஒரே இடமும் அந்த நெல்தான். அய்யம்பேட்டை தாண்டி நான் அப்படி ஒதுங்கியதில் முன்சக்கரம் வழுக்கி, வண்டி இடது பக்கமாகப் படுத்து, பத்தடி தூரம் தேய்த்துக்கொண்டே போனது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் என் பழைய பல்சர் 220 பைக்கின் இடது ஃபேரிங், அதாவது பக்கவாட்டுப் பிளாஸ்டிக் பேனல், மூன்று துண்டு. போல்ட் பிடிக்கிற காது ஒன்றைக் காணவே இல்லை. நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் குனிந்து எதையோ எடுத்து, “இந்தாங்க தம்பி, இது ஒங்க வண்டியோடதா பாருங்க” என்று கையில் கொடுத்தார். அதேதான்.

முதல் பாடம் அங்கேயே கிடைத்துவிட்டது. விழுந்த இடத்திலேயே துண்டுகளைப் பொறுக்கிவிடுங்கள், நகத்தளவு சில்லாக இருந்தாலும் விடாதீர்கள். உடைந்த விளிம்பு இரண்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. துண்டு தொலைந்துபோனால் அந்த இடத்தை நீங்களே உருவாக்க வேண்டும், அது வேறு வேலை.

சரி, ஒட்டலாம் என்று உட்கார்ந்ததும் எல்லோரும் செய்கிற தப்பை நானும் செய்தேன். பெட்டிக்கடையில் நொடியில் ஒட்டுகிற அஞ்சு ரூபாய் பசை வாங்கி வெளிப்பக்கமாக விரிசலில் ஊற்றி, கையால் அழுத்திப் பிடித்து, விரலையும் சேர்த்து ஒட்டிக்கொண்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ‘டக்’ என்று அதே இடத்தில் விட்டுப்போனது. அந்த வகைப் பசை காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும். ஃபேரிங்கோ வண்டி ஓடும்வரை நடுங்கிக்கொண்டே இருக்கிற சாமான்.

எந்தப் பசை நல்லது என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, உங்கள் ஃபேரிங் என்ன பிளாஸ்டிக் என்பதுதான். அது தெரியாமல் எதை வாங்கினாலும் சூதாட்டம். பேனலைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் எங்கேயாவது, அழுக்கைத் துடைத்தால், இரண்டு கோணக் குறிகளுக்கு நடுவில் சின்ன ஆங்கில எழுத்து அச்சாகியிருக்கும். ஏபிஎஸ் (ABS, பிரேக் சமாச்சாரம் இல்லை, இது பிளாஸ்டிக்கின் பெயர்) என்றிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், பசைக்கும் சூட்டுக்கும் இரண்டுக்கும் படிகிற ஜாதி. பிபி (PP) என்றிருந்தால் அது பாலிப்ரொப்பிலீன், எந்தச் சாதாரணப் பசையும் அதில் நிற்காது. ஒரே வண்டியிலேயே பளபளவென்று பெயின்ட் அடித்த பேனல் ஏபிஎஸ்ஸாகவும், பெயின்ட் இல்லாத கறுப்பு மட்கார்டு பிபியாகவும் இருக்கலாம் என்பதால் பேனலுக்குப் பேனல் பார்க்க வேண்டும்.

எழுத்தே இல்லையென்றால் உள்பக்க ஓரத்தில் பிளேடால் ஒரு சில்லு சீவி, பெயின்ட் ஒட்டியிருந்தால் சுரண்டிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். காற்றுக்குமிழ் ஒட்டிக்கொண்டு ஏமாற்றும், ஒரு சொட்டு சோப்பு விட்டு விரலால் அமுக்கி விடுங்கள். மிதந்தால் பிபி, தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் அதனுடையது 0.9 தான். மூழ்கினால் ஏபிஎஸ்ஸாக இருக்கலாம், அது 1.05 பக்கம். உறுதியாகத் தெரிய, மறைவான இடத்தில் பஞ்சில் ஒரு சொட்டு அசிட்டோன் (சில பிளாஸ்டிக்கைக் கரைக்கிற திரவம்) தொட்டுத் தேயுங்கள். ஏபிஎஸ் என்றால் அரை நிமிடத்தில் பிசுபிசுவென்று விரலில் ஒட்டும். பிபி எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும்.

இனி ஏபிஎஸ் என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன், பிபி கடைசியில் வருகிறது.

கழுவுவதை யாரும் மதிப்பதில்லை. நம் ஊர் வண்டியில் உள்பக்கம் ஒரு போகத்துக்கு உண்டான வண்டல் இருக்கும், கூண்டுச் சக்கரம் போட்ட டிராக்டர் வயலிலிருந்து ரோட்டுக்கு இழுத்து வந்த சேறு எல்லாம் அங்கேதான் போய் அப்பியிருக்கும். பாத்திரம் தேய்க்கிற சோப்பும் பழைய பிரஷ்ஷும் போதும். அதைவிட மோசம் பளபளப்புக்காகத் தடவுகிற சிலிக்கோன் பாலிஷ், அது இருக்கிற இடத்தில் பசையும் நிற்காது, பெயின்ட்டும் நிற்காது, இரண்டு தடவை சோப்புப் போட்டே ஆகவேண்டும். பெட்ரோல் தொட்டுத் துடைக்காதீர்கள். ஏபிஎஸ்ஸுக்குப் பெட்ரோல் ஆகாது, ஏற்கெனவே இழுபட்டு நிற்கிற இடத்தில் பட்டால் புது விரிசலே கிளம்பும்.

அடுத்தது விரிசலின் முனையைத் தேடுவது. கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு விரிசல் முடிவதில்லை. பேனலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கொஞ்சம் வளைத்துப் பாருங்கள், விரிசல் முடிந்ததாக நினைத்த இடத்துக்கு அப்பால் மயிரிழை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு தெரியும். உண்மையான முனை அந்தக் கோட்டின் கடைசியில்தான். அங்கே 2 அல்லது 3 மி.மீ. பிட்டால் ஒரு ஓட்டை போடுங்கள். நல்ல பேனலில் ஓட்டையா என்று கை கூசும், எனக்கும் கூசியது. விரிசலின் கூர்முனையில் இழுவிசை முழுவதும் ஒரே புள்ளியில் குவிவதால்தான் அது மேலே மேலே ஓடுகிறது. முனை வட்டமாகிவிட்டால் அந்த விசை சுற்றிலும் பரவி, ஓட்டம் அங்கே நின்றுவிடும். ஓட்டையைப் பிறகு அடைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் உள்பக்கத்தில் விரிசல் நெடுக ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும். தச்சர்கள் ரம்பம் கூர்தீட்டுகிற முக்கோண அரம் இதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். பேனல் பெரும்பாலும் இரண்டரை, மூன்று மி.மீ. தடிமன்தான், அதில் பாதி ஆழத்துக்குச் சரிவாக அரம் போட்டால் போதும். இருபுறமும் ஒரு விரல் அகலத்துக்கு 80 அல்லது 120 எண் உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி விடுங்கள். பலமெல்லாம் உள்பக்கத்தில்தான் வரப்போகிறது. வெளிப்பக்கம் அழகுக்கு மட்டும்.

துண்டுகளைத் தரையில் வைத்துப் பொருத்தி ஒட்டாதீர்கள். நான் ஒருமுறை அப்படி ஒட்டி, எல்லாம் காய்ந்து கல்லாகி, வண்டியில் மாட்டப்போனால் போல்ட் ஓட்டை அரை விரல்கடை தள்ளி நின்றது. துண்டுகளை வண்டியிலேயே அதனதன் போல்ட்டில் மாட்டி, வெளிப்பக்கம் மாஸ்கிங் டேப் ஒட்டி இறுக்கி, உள்பக்கம் எட்டுகிற இடங்களில் மட்டும் அந்த அஞ்சு ரூபாய் பசையில் புள்ளி வையுங்கள். அதற்குத்தான் அந்தப் பசை லாயக்கு, வெல்டிங் பட்டறையில் முதலில் புள்ளி வைத்து நிறுத்துவார்களே, அது மாதிரி. நின்றதும் கழற்றிக் கொண்டுவந்து நிதானமாக வேலை செய்யலாம்.

இப்போது கூழ். ஏபிஎஸ் சில்லுகளை அசிட்டோனில் கரைத்தால் வருகிற கூழ்தான் இந்த வேலையின் உயிர். அது பசை இல்லை, அதே பிளாஸ்டிக்தான் இளகி நிற்கிறது. தடவியதும் பேனலின் மேல்தோலையும் இளக்கிக்கொண்டு உள்ளே இறங்கி, அசிட்டோன் ஆவியானதும் இரண்டும் ஒன்றாக இறுகிவிடும். சில்லுக்கு மெக்கானிக் கடைக் குப்பையில் கிடக்கிற உடைந்த பேனல் போதும், ஏபிஎஸ் எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் கேட்டபோது, “எடுத்துக்கிட்டுப் போடா, எனக்கு எடம் காலியானா சரி” என்று ஒரு சாக்கே கொடுத்துவிட்டார். பழைய டிவி பெட்டியை உடைத்துப் போடாதீர்கள், பார்க்க ஒன்று மாதிரி இருந்தாலும் அது பெரும்பாலும் வேறு ஜாதி.

பெயின்டைச் சுரண்டிவிட்டு, கட்டிங் பிளேயரால் துவரம்பருப்பு அளவுக்கு நறுக்கி, கண்ணாடி ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டு, சில்லு மூழ்கும் அளவுக்கு மட்டும் அசிட்டோன் ஊற்றி மூடி வையுங்கள். பிளாஸ்டிக் டம்ளர் வேண்டாம், டம்ளரும் சேர்ந்து கரையும். ஒரு ராத்திரி ஊறினால் காலையில் கறுப்பாக, இழுத்தால் நூல் விடுகிற மாதிரி இருக்கும். முதல் பூச்சுக்குத் தோசைமாவு பதம், வாய்க்காலுக்குள் இறங்க வேண்டும். மேல் பூச்சுகளுக்கு மூடியைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்து, திருவையாறு அசோகா அல்வா மாதிரி கரண்டியில் தொங்குகிற பதத்துக்குக் கொண்டுவாருங்கள். அசிட்டோன் கெமிக்கல் கடையில் கிடைக்கும், சில பெயின்ட் கடையிலும் உண்டு. நகப்பூச்சு அழிக்கிற திரவம் எல்லாமே அசிட்டோன் இல்லை, அசிட்டோனாகவே இருந்தாலும் பலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும்.

இதை அடுப்படியில் செய்யாதீர்கள். அசிட்டோன் ஆவி மைனஸ் 20 டிகிரியிலேயே தீப்பிடிக்கிற அளவுக்குக் கிளம்பும், நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போய் அடுத்த அறையில் எரிகிற குத்துவிளக்கைக்கூடத் தேடிப் பிடிக்கும். திண்ணை, மொட்டைமாடி, கொல்லைப்புறம், எதுவானாலும் காற்றோட்டமும் நெருப்பில்லாத இடமும் வேண்டும். பீடி பிடிக்கிற நண்பரை அன்றைக்குப் பக்கத்தில் உட்கார விடாதீர்கள்.

கூழ் மட்டும் போதுமா என்றால், நடுவில் ஓடுகிற சின்ன விரிசலுக்குப் போதும். காது பக்கம், மடிப்பு, போல்ட் ஓட்டையைச் சுற்றி என்றால் வலை வைத்தே ஆகவேண்டும். ஜன்னலுக்கு அடிக்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொசுவலை ஹார்டுவேர் கடையில் அடிக்கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள், ஒரு அடி வாங்கினால் ஊரிலிருக்கிற வண்டிக்கெல்லாம் வரும். நைலான் வலை அல்ல, கம்பி வலை. இரண்டு செ.மீ. அகலத்துக்கு வெட்டி, மூலைகளை வட்டமாக நறுக்கி, விரிசலுக்குக் குறுக்கே வைத்து, சால்டரிங் அயர்னால் மேலே தடவியபடி அழுத்துங்கள். ரேடியோ வேலைக்கு வைத்திருக்கிற 25 வாட் கூர்முனை அயர்ன் திணறும், 60 வாட்டும் தட்டை முனையும் இருந்தால் வேலை சுளுவு.

இங்கேதான் கை பழக வேண்டும். சூடு சரியாக இருந்தால் பிளாஸ்டிக் ஈரம் பட்ட மாதிரி மினுங்கி, வலையின் கண்களுக்குள் மெதுவாக மேலேறி வரும். புகை வந்தாலோ பழுப்பு நிறம் தட்டினாலோ கருகுகிறது என்று அர்த்தம், கருகிய பிளாஸ்டிக்குக் கொஞ்சமும் பலம் கிடையாது. இடது கை விரலை வெளிப்பக்கம் அதே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சுடுகிறது என்று விரல் சொன்னால் அயர்னை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெளியே பெயின்ட் கொப்பளித்துவிடும். வலை கொஞ்சம் புதைந்தால் போதும், மறுபக்கம் வரை முக்க வேண்டாம். முதுகுப்பக்கமிருந்து ஃபேன் காற்று வரட்டும், அந்தப் புகைக்குத் துணி மாஸ்க் எல்லாம் எந்த மூலைக்கு. கூழை அதற்குள் எடுக்கவே கூடாது, அயர்ன் ஆறி, பிளக்கைப் பிடுங்கி, எடுத்து வைத்த பிறகுதான் அசிட்டோன் பாட்டிலைத் திறக்க வேண்டும்.

வலைக்கு மேலே கூழ் பூசும்போது ஒரேயடியாக அப்பிவிடாதீர்கள். தடிமனாகப் பூசினால் மேல்தோல் காய்ந்து, உள்ளே இருக்கிற அசிட்டோன் வெளியேற வழியில்லாமல் குமிழாக நிற்கும். மெல்லிசாக ஒரு பூச்சு, சில மணி நேரம் கழித்து இன்னொன்று, இப்படி மூன்று நான்கு. காயக் காயச் சுருங்கிக் குழிவிழும், அதற்காகக் கடைசிப் பூச்சு கொஞ்சம் மேடாக இருக்கட்டும். இரண்டு மூன்று நாள் அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள். மறுநாளே நகத்தால் குத்திப் பார்க்கும் ஆசை வரும், தெரியும்.

காது உடைந்து துண்டு கையில் இருந்தால் முதலில் கூழில் ஒட்டி, காய்ந்ததும் இரண்டு பக்கமும் வலை புதைக்க வேண்டும். இடமிருந்தால் ஸ்டேப்ளர் பின்னைச் சூடாக்கி விரிசலுக்குக் குறுக்கே தையல் மாதிரி இறக்கலாம், நான் என் காதுக்கு மூன்று போட்டேன். துண்டே இல்லையென்றால் குப்பைப் பேனலிலிருந்து அதே தடிமனில் வெட்டி, அடியில் அகலமாக விட்டு, அந்த அகலத்தைப் பேனலோடு சேர்த்து வலை வைத்து உருக்குங்கள். ஓட்டையைக் கடைசியில், வண்டியில் வைத்துக் குறித்துக்கொண்டுதான் போட வேண்டும்.

பிபி ஆசாமிக்கு வருவோம். அதற்குக் கூழும் கிடையாது, அரால்டைட் பசையும் நிற்காது, தாமரை இலைத் தண்ணீர்தான். ஒட்டுவதென்றால் உருக்கித்தான் ஒட்ட வேண்டும், உருக்குவதற்கும் பிபிதான் வேண்டும். பிரியாணி பார்சல் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருந்தால் அது பிபி. கழுவிக் காயவைத்து நீள நீளமாகக் கீற்றுப் போட்டால் வெல்டிங் கம்பி தயார். பேனலையும் கீற்றையும் ஒரே நேரத்தில் இளக்கிச் சேர்க்க வேண்டும், கீற்றை மட்டும் உருக்கி மேலே சொட்டினால் ஆறியதும் உரிந்து வந்துவிடும். வலை இங்கேயும் உண்டு. கேபிள் டையை உருக்கி ஊற்றச் சொல்கிறவர்கள் உண்டு, நானும் நம்பிச் செய்தேன், மறுநாள் முழுசாகக் கையோடு வந்தது. அது நைலான், இது பிபி, இரண்டும் சேராது. ஆனால் விரிசலின் இருபுறமும் ஓட்டை போட்டு அதே கேபிள் டையால் தைத்துக் கட்டினால் வருஷக்கணக்கில் நிற்கும். மட்கார்டுக்கு அழகு என்ன வேண்டிக்கிடக்கிறது.

வெளிப்பக்கம் சின்னச் சில்லு பெயர்ந்த குழிகளுக்கு ஆப்பசோடாவைத் தூவி அதன்மேல் அந்த அஞ்சு ரூபாய் பசையை ஒரு சொட்டு விட்டால் நொடியில் கல்லாகும். சூடாகிப் புகையும், முகத்தைத் தள்ளி வையுங்கள். குழி நிரப்ப மட்டும்தான் இது, பலத்துக்கு அல்ல.

பெயின்ட் வேலை பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அதில் நான் சுமார். 180 எண் உப்புத்தாளில் தேய்த்து, 320, அப்புறம் தண்ணீர் தொட்டு 600, 800 வாட்டர் பேப்பர். கண் மூடிக்கொண்டு விரல் ஓட்டினால் ஒட்டு எங்கே என்று தெரியக்கூடாது. பிளாஸ்டிக் பிரைமர், கலர், மேலே கிளியர் லேக்கர், எல்லாமே ஒரு சாண் தள்ளிப் பிடித்து மெல்லிய பூச்சுகளாக. ஐப்பசி கார்த்திகையில் அடிக்காதீர்கள், மழை ஈரத்தில் லேக்கர் பால் ஊற்றிய மாதிரி வெளுத்துப்போகும். அறுப்பு மிஷின் ஓடுகிற நாளிலும் வேண்டாம், பக்கத்து வயல் பதரெல்லாம் பெயின்ட்டில் வந்து உட்காரும். உச்சிவெயிலில் கொப்பளிக்கும். காலை எட்டு ஒன்பது மணி சரியான நேரம். மெட்டாலிக் நிறம் என்றால் ஸ்ப்ரே கேனில் அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஸ்டிக்கர் ஒட்டி மறைப்பது கௌரவக் குறைவொன்றும் இல்லை.

எதை ஒட்டக்கூடாது என்பதும் இருக்கிறது. ஹெட்லைட்டையோ கண்ணாடியையோ தாங்குகிற இடம் தூளாகியிருந்தால் புதுசு வாங்குங்கள். கழன்று விழுந்தால் முன்சக்கரத்துக்குள் போகக்கூடிய துண்டுக்கும் அதேதான். ஹெல்மெட்டும் ஏபிஎஸ்தானே, அதையும் கூழ் வைத்து ஒட்டலாமா என்று என் மச்சான் கேட்டான். விரிசல் விட்ட ஹெல்மெட்டைக் குப்பையில் போடு என்றேன்.

மாட்டும்போது பாருங்கள், போல்ட் ஓட்டைக்குள் புஷ் என்கிற ஒரு ரப்பர் வளையம் இருந்திருக்க வேண்டும். சர்வீசுக்குக் கழற்றும்போது விழுந்து தொலைந்திருக்கும், பாதி வண்டியில் அது கிடையாது. அது இல்லாமல் போல்ட் நேராகப் பிளாஸ்டிக்கை நசுக்குவதால்தான் வண்டி விழாமலேயே காதில் விரிசல் விடுகிறது. புது புஷ் சில்லறைக் காசு. எல்லா போல்ட்டையும் முதலில் கையால் நாலு சுற்று விட்டுவிட்டு, பேனல் தானாக உட்கார்ந்த பிறகு ஒவ்வொன்றாக முடுக்குங்கள், புஷ் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்திவிடுங்கள். கழன்றுவிடுமோ என்று பயந்து மரைக்குப் போடுகிற பூட்டுப் பசையை இங்கே விடாதீர்கள், பெட்ரோல் செய்கிற அதே வேலையை அதுவும் ஏபிஎஸ்ஸுக்குச் செய்யும்.

ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி கழற்றி உள்பக்கத்தைப் பாருங்கள். வலையின் ஓரத்தில் புதிதாக வெள்ளைக் கோடு தெரிந்தால் ஒட்டைக் குறை சொல்லாதீர்கள், பேனல் எங்கேயோ இழுபட்டு நிற்கிறது. எனக்கு அப்படி ஒரு கோடு வந்தது. தேடிப் பார்த்ததில் விழுந்த அன்றைக்கே உள்ளே இருக்கிற இரும்புப் பட்டை வளைந்திருந்தது தெரிந்தது, அதை நிமிர்த்தி மாட்டியதோடு சரியாகிவிட்டது.